கொதிக்காத ஊர்

காலை ஒன்பதரைக்கு எங்கள் அலுவலகத்தில் முதல் வேலை கொதி பார்ப்பது. பாளையங்கோட்டைத் தணிப்பகத்தின் இரண்டாவது மாடியில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை உண்டு. மூன்று மாவட்டத்து ஊர்கள் அத்தனையும் அதில் புள்ளிகளாக இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஓர் எண். நாற்பது என்றால் ஊர் சும்மா முணுமுணுக்கிறது. அறுபது என்றால் டீக்கடையில் குரல் ஏறிவிட்டது. எழுபதைத் தொட்டால் தணிப்பு வண்டி புறப்பட வேண்டும். நாங்கள் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே, எந்த ஊருக்கு என்ன அனுப்பலாம் என்று முடிவு செய்வோம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்று அறுபத்தெட்டில் நின்றது. விசாரித்தால், காலை பஸ் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். பழைய நேரத்தையே திருப்பிக் கொடு, கூடவே இரண்டு நிழற்குடை கட்டிக் கொடு என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் எண் முப்பதுக்கு இறங்கிவிடும். கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடு என்பதுதான் எங்கள் சாசனத்தின் முதல் வரி. நாற்பது வருஷமாக இந்த நாட்டில் யாரும் ஒரு கல்லைத் தூக்கி எறியவில்லை. இது சின்ன விஷயமா? கலவர ஆண்டுகளில் என் அண்ணன் கடைத்தெருவில் சுடப்பட்டுச் செத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாலு. அதனால்தான் வரலாற்று வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். மனசார நம்பித்தான் வந்தேன்.

என் பெயர் பொற்செல்வி. வாய் கொஞ்சம் நீளம், அதனால் பதவி உயர்வு கொஞ்சம் குட்டை. ஆனால் இந்த எண்களைப் போடும் கொதிமானிக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தது நான்தான், அதை எவரும் மறுக்க முடியாது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கும் நாடிப்பட்டை, சந்தையில் விழும் சொல், வரிசையின் நீளம், இவற்றையெல்லாம் சென்சார்கள் பொறுக்கி அனுப்பும். ஆனால் எது ஆபத்து, எது வெறும் புலம்பல் என்று பிரிக்க அதற்கு உதாரணம் வேண்டுமே? கடந்த அறுநூறு ஆண்டுகளின் அரசியல் திருப்புமுனைகளில் இருநூற்றுப் பதினான்கைக் கோப்பு கோப்பாக எழுதி ஊட்டினேன். பாரிஸில் ரொட்டி விலை எத்தனை நாள் ஏறியது, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்து எத்தனை மாதத்தில் துப்பாக்கி வெடித்தது, பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுப் பெண்கள் தெருவில் இறங்கி எத்தனை நாளில் ஜார் முடி துறந்தார். ஒவ்வொன்றிலும் எது எப்போது கொதித்தது என்பதுதான் கேள்வி. கொதியைக் கண்டுபிடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம்.

அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. வண்டி போகும், சாமானோ வசதியோ கொடுக்கும், வாங்கியவர்கள் நாடிப்பட்டையை ஒரு தகட்டில் தேய்த்து ‘நிறைவு’ என்று சொல்வார்கள். ஊரில் பாதிப்பேர் சொல்லிவிட்டால் ஊரே சொன்னதாகக் கணக்கு. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அந்த ஊர் ஏழு வருஷத்துக்கு எழுப்ப முடியாது. எல்லோருக்கும் எல்லாம் கேட்காமலே கிடைக்கும்போது ஊர்ச்சபை எதற்கு, தேர்தல் எதற்கு? அவை இரண்டும் நான் கல்லூரியில் படித்தபோதே போய்விட்டன. எவரும் அழவில்லை.

திரையின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி, கீழவெள்ளோடை என்று ஒரு புள்ளி. பத்தொன்பது காட்டியது. மூன்று மாவட்டத்திலும் அவ்வளவு குளிர்ந்த ஊர் வேறு கிடையாது.

அந்த எண்ணை நான் நம்பவில்லை. கடல் மட்டம் ஏறிய பிறகு கரை நெடுகக் கட்டிய கடலணையில், அந்த ஊருக்கு நேராக ஒன்பதாம் எண் மதகு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் புயலில் அந்த மதகைத் திறந்து தண்ணீரை ஊருக்குள் விட்டார்கள். வடக்கே துறைமுகத்தைக் காப்பாற்ற அதுதான் வழி என்று கணிப்பு. எச்சரிக்கைச் சங்கு ஊதியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம். உப்பளம் முழுக்க மூழ்கி, நாலு பேர் செத்துப்போனார்கள். மறுநாள் ஊரின் எண் எண்பத்துமூன்று. வண்டி அனுப்பினோம். மூன்று தடவை அனுப்பினோம். மூன்று தடவையும் சாமான் இறக்காமல் திரும்பி வந்தது.

“பாத்தீங்களா மேடம், தானா ஆறிடுச்சு,” என்றார் இயக்குநர் தாமோதரன். சென்னைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சட்டை கசங்காதவர். “துக்கம்னா அப்படித்தான். டைம் குடுத்தா வடிஞ்சிடும்.”

“சாமானே வாங்காம எப்படி சார் ஆறும்?”

“உங்களுக்கு எதுலயும் சந்தேகம். நம்பர் பத்தொன்பது. இதுக்கு மேல என்ன வேணும்?”

எனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் உட்கார முடியவில்லை. வண்டி ஓட்டுநர் ஐகோர்ட்டை எழுப்பிக்கொண்டு புறப்பட்டேன். ஐகோர்ட்டு என்பது அவருடைய குலசாமியின் பெயர், அதைச் சொல்லி நான் கிண்டல் செய்யாத நாளில்லை. அன்றைக்கு அதற்கும் மனசு வரவில்லை.

கீழவெள்ளோடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலாகிக்கொண்டிருந்தது. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைக் கீழே வைத்துவிட்டு, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்கு நடந்தார்கள். ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துண்டு கட்டியிருந்தவள், ஒரு நோட்டை விரித்துப் பெயர் படிக்க ஆரம்பித்தாள்.

“முத்தொளி.”

“இருக்கேன்.”

“அந்தோணிராயன்.”

“இருக்கேன்.”

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்! ஒருத்தர் விடாமல் படித்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெயில் கண்ணைக் குத்த, கடவுளே, பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி உயிரை வாங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். படித்து முடித்ததும் ஒரே ஒரு விஷயம் பேசினார்கள். சங்குக் கம்பத்தை எங்கே நட்டால் கீழத்தெருவுக்கும் கேட்கும் என்பது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவருக்குக் குரல் ஏறியது, எழுந்து கையை ஓங்கிப் பேச ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, போயி காலை நனைச்சிட்டு வாங்க,” என்றாள் அந்தப் பெண்.

நான் திகைத்துப் பார்த்தேன். அவர் இறங்கிப் போய் வாய்க்காலில் முழங்கால் ஆழத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஏறி வந்து, சொல்ல நினைத்ததை நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். அவர் சொன்ன இடம்தான் முடிவாயிற்று. எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். பெயர் சுடலைவடிவு என்றும், அளத்தில் நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் என்றும் ஐகோர்ட்டு வழியிலேயே சொல்லியிருந்தார். செத்த நாலு பேரில் ஒருவர் அவள் கணவர்.

“தணிப்பகத்துலருந்து வாரியளா? வண்டியில சாமான் இருந்தா அப்படியே கொண்டு போயிருங்க மேடம். பொருளு நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல.”

“சாமான் கொண்டுவரலை. சும்மா பாக்க வந்தேன். இது எத்தனை நாளா நடக்கு?”

“எண்பத்தோரு நாளா. மொதல்ல நாங்களும் எல்லாரயும் மாதிரித்தான் கத்துனோம். மண்ணை வாரித் தூத்துனோம். மறுநாளு விடியமுன்ன வண்டி வந்து நிக்கி. வீட்டுக்கொரு பிரிட்ஜாம். யக்கா, நாங்க பிரிட்ஜா கேட்டோம்? மதகைத் தொறக்க முன்ன எங்களை ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான சொன்னோம்?”

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. “அதுக்கப்புறம்?” என்றேன்.

“அப்புறம் உக்காந்து யோசிச்சோம். கத்துனா வண்டி வருது. கத்தலன்னா யோசிக்க நேரம் கெடைக்கி. அவ்வளவுதான் கண்டுபிடிச்சோம்.”

“உனக்குக் கோவமே வரலையா வடிவு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வராம என்ன? எங்க வீட்டு அவியளை வேலிக் கம்பியில சிக்குன துணி மாதிரி எடுத்தேன். தெனமும் காலையில எந்திரிச்ச ஒடனே கோவம் வரும். அதை வச்சி என்ன செய்ய முடியும்? அது வரும், போவும். நாங்க முடிவு எடுத்திருக்கோம். அது போவாது.”

பதினோரு நாளில் அடுத்த புயல் என்று வானிலை சொல்லியிருந்தது. அன்றைக்கு ஊர் முழுக்க மதகு வீட்டு முற்றத்துக்குப் போய் நிற்பது, தேர்ந்தெடுத்த மூன்று பேர் உள்ளே போய் உட்காருவது, ஊரைக் கேட்காமல் மதகைத் திறக்கும் பொத்தானை அழுத்த விடாமல் இருப்பது. இதுதான் முடிவு. மூன்று பேரில் வடிவும் ஒருத்தி. இந்த முடிவு வேண்டாம் என்று கை தூக்கிய ஆறு பேரும் தினமும் வந்து பெயருக்கு ‘இருக்கேன்’ சொல்கிறார்களாம்.

“நீங்க மேல சொல்லத்தான செய்வீய?” என்று கேட்டாள்.

“என் வேலையே அதுதான்.”

“சொல்லுங்க. ஆனா சரியாச் சொல்லுங்க. கோவமா இருக்காவன்னு மட்டும் எழுதிராதிய.”

ஐகோர்ட்டு வண்டியைத் திருப்பினார். என் கோப்புகளில் முப்பத்தோராவது என் கண் முன்னால் நின்றது. 1789, ஜூன் இருபது. வெர்சாய் நகரத்தில் மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. மழை வேறு. பக்கத்தில் பந்து விளையாடும் கூடம் ஒன்றுக்குள் போகிறார்கள். அரசியல் சட்டம் எழுதி முடிக்கும்வரை பிரியமாட்டோம் என்று கை உயர்த்தி உறுதி சொல்கிறார்கள், ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் எனக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார், அதையும் அழிக்காமல் விட்டார்கள். இருபத்தெட்டு வயதில் அந்தக் கோப்பை எழுதியபோது நான் என்ன போட்டேன் தெரியுமா? ‘கூச்சல் இல்லை, ரத்தம் இல்லை, கொதி பூஜ்யம். நிகழ்வாகக் கொள்ள வேண்டாம்.’ ரொட்டி விலைக்கு நூறு மதிப்பெண் கொடுத்த கையால் அதற்குச் சுழியம் போட்டேன்.

சே, என்ன புத்தி அது! அண்ணனின் சாவுக்குப் பிறகு எனக்குக் கூச்சல்தான் வரலாறு என்று பட்டிருக்கிறது. ஆத்திரப்பட்டவர்களை எண்ணினேன். தீர்மானித்தவர்களை எண்ணவே இல்லை. நான் குருடாக இருந்ததை அப்படியே அந்த இயந்திரத்துக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக நாடே அந்தக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். வடிவு சொன்ன மாதிரி சரியாகவே எழுதினேன், முப்பத்தோராவது கோப்பில் நான் செய்த தவறையும் சேர்த்து. பொய் சொல்லிக் காப்பாற்றும் அளவுக்கு அந்த ஊர் ஒன்றும் பாவப்பட்ட ஊர் இல்லை என்று தோன்றியது.

தாமோதரன் அதை இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது. “இது பெரிய விஷயம் மேடம்.”

“ஆமா சார்.”

“போலீஸ அனுப்ப முடியாது. எழுபது இல்லாம ஒரு போலீஸ்காரர் ஊருக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு சாசனம். காவல் டிரோன்கூட முப்பதுக்குக் கீழ எந்திரிக்காது.” அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு நின்று, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “ஆனா நீங்க இருக்கீங்க. அந்த முப்பத்தோராவது கோப்ப மாத்தி எழுதுங்க. தினமும் கூடறது, பேர் படிக்கறது, அமைதியா கை தூக்கறது. இதுக்கெல்லாம் மதிப்பு போடுங்க. ரெண்டு நாள் வேலை. கொதிமானி உடனே புடிச்சிக்கும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கீழவெள்ளோடை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எங்கே நாலு பேர் நிதானமாக உட்கார்ந்து யோசித்தாலும் திரையில் சிவப்பாகத் தெரியும். உட்காரும்போதே வண்டி வந்து நிற்கும், பின்னாலேயே போலீஸ் வரும். யோசிப்பதற்கு என்று மிச்சமிருந்த ஒரே இடத்தையும் நான்தான் அடைக்க வேண்டும்.

“மாட்டேன் சார்.”

“என்ன?”

“எழுத மாட்டேன்.”

“உங்க அண்ணன் எப்படி செத்தார்னு எனக்குத் தெரியும்,” என்றார் மெதுவாக. “அந்த முற்றத்துல அறுநூறு பேர். ஒருத்தன் கல்ல எடுத்தா போதும். ரத்தம் விழுந்தா அது உங்க கணக்குல தான் வரும்.”

அது என்னை நன்றாகவே தைத்தது. அந்தக் கடைத்தெரு, அண்ணனின் ஒற்றைச் செருப்பு, அம்மா போட்ட சத்தம், எல்லாம் வந்து நின்றது. ஆனால் வாய்க்காலில் முழங்கால் நனைய நின்ற அந்த மனிதரையும் நினைத்தேன். அன்றைக்குக் கடைத்தெருவில் யாரும் யாரையும் காலை நனைத்துவிட்டு வரச் சொல்லவில்லை.

“விழுந்தா ஏத்துக்கிடுதேன். எழுத மாட்டேன்.”

“தலைமையகத்துல வேற ஆள் எழுதுவான்.”

“எழுதட்டும். இருநூத்திப் பதினாலு கோப்பையும் படிச்சிட்டு வரணும். ஆறு மாசம் ஆகும்.”

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓய்வூதியமும் கிடையாது. இருபத்தாறு வருஷ வேலை ஒரு தாளில் முடிந்தது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அழுது முடித்துச் சோறு வடித்துச் சாப்பிட்டேன்.

புயல் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தது. காலையிலேயே ஐகோர்ட்டு தன் சொந்த பைக்கில் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஊர் தானாகவே விடியும்போதே கீழத்தெரு அறுபது வீட்டையும் காலி செய்திருந்தது. ஆட்டையும் மாட்டையும் மேட்டுக்கு ஓட்டியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, மழை சாட்டையாக அடிக்க, மதகு வீட்டு முற்றத்தில் அத்தனை பேரும் தோளோடு தோள் நின்றார்கள். சுவரில் வரிசையாகத் தொங்கிய காவல் டிரோன்கள் அசையவில்லை. அவற்றின் கணக்கில் அங்கே யாருமே இல்லை.

மதகு அதிகாரி ஜெயசிங் என்பவர், முப்பது வயசு இருக்கும், உள்ளே தனியாக இருந்தார். வடிவும் மற்ற இரண்டு பேரும் போய் எதிரே உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன், எவரும் போகச் சொல்லவில்லை.

“நீங்க இங்க வரக்கூடாது,” என்றார் ஜெயசிங்.

“வந்துட்டோம் தம்பி. தண்ணி எவ்வளவு நிக்கி, அதைச் சொல்லுங்க.”

அவர் சன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். அறுநூறு முகமும் அவரைப் பார்த்தன. யாரும் கத்தவில்லை. இந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நாலரை மீட்டர் நிற்கிறது, நாலு மணிக்கு ஐந்தரை ஆகும். மதகைத் திறக்காவிட்டால் தண்ணீர் வடக்கே தள்ளும். துறைமுகச் சுவர் தாங்கும். சுவருக்கு வெளியே இருக்கும் பனையடி தாங்காது. துறைமுகக் கூலிகள் குடியிருக்கும் ஊர், முந்நூற்று நாற்பது வீடு, காலி செய்ய ஆரம்பிக்கவே இல்லை.

“துறைமுகத்துக்காகத் தொறக்கதாத்தான சொன்னாவ?” என்றாள் வடிவு. “பனையடியைப் பத்தி யாரும் எங்ககிட்ட வாயே தொறக்கலையே?”

“யாரும் கேக்கலையேக்கா,” என்றார் ஜெயசிங்.

வடிவு எழுந்து முற்றத்துக்குப் போனாள். திரையில் பார்த்ததை ஒன்றுகூட மறைக்காமல் சொன்னாள். தொறந்தா நம்ம அளம் போச்சு, குமிச்சி வச்சிருக்க உப்பு போச்சு, கீழத்தெரு வீடு போச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல. தொறக்கலன்னா பனையடி போச்சு, அங்க ஆளு இருக்கு. ஒருவர், “போன தடவை நமக்காக எவன் யோசிச்சான்?” என்றார். இன்னொரு பெண், “அதனாலதான் நாம யோசிக்கணும்,” என்றாள். பேச்சு இருபது நிமிஷம் நடந்தது. இரண்டு பேர் போய்த் தேங்கிய தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்தார்கள். எனக்குப் பதறியது, நேரம் ஓடுகிறதே என்று. யாரும் அவசரப்படவில்லை.

கை தூக்கினார்கள். திறக்கலாம் என்று நானூற்று ஒன்று. வேண்டாம் என்று நூற்றுத் தொண்ணூறு. இருபத்தொரு பேர் கை தூக்கவே இல்லை.

வேண்டாம் என்று தூக்கிய கைகளில் வடிவின் கையும் ஒன்று. நான் என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. முகமெல்லாம் தண்ணீர், மழையா வேறா என்று நான் ஆராயவில்லை. “வடிவு, நீ வேணாம்னுதானே...” என்று ஆரம்பித்தேன்.

“ஆமா. அதுக்கென்ன இப்போ?” என்று என்னிடம் சீறினாள். பிறகு ஜெயசிங் பக்கம் திரும்பினாள். “சங்கை ஊதுங்க. ஊதி ஒரு மணி நேரம் கழிச்சித் தொறங்க. ஊரு சொல்லிட்டு.”

மூன்றரைக்கு மதகு திறந்தது. கண் முன்னால் அளம் பாத்தி பாத்தியாக மறைந்தது. வெள்ளைக் குவியல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து உட்கார்ந்தன. அவள் குவியல் கடைசியில் இருந்தது. அது போகும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். ஓர் உயிர்கூடப் போகவில்லை, இரண்டு ஊரிலும்.

இரவு தாமோதரன் போனில் கூப்பிட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். “மதகுக் கணிப்பு என்ன சொல்லியிருக்குமோ அதையேதான் அவங்களும் செஞ்சாங்க. அதே மதகு, அதே தண்ணி, அதே நஷ்டம். இதுக்காகவா மேடம் நீங்க வேலைய விட்டீங்க?”

“போன தடவை தொறந்தப்ப நாலு பேரு செத்தாங்க சார். இந்தத் தடவை அவங்க தொறந்தாங்க.” இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை, போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. மதகு வீட்டில் ஜெயசிங்கும் அந்த மூன்று பேரும் தண்ணீரைத் திருப்பி இறக்கும் வேலையில் இருந்தார்கள். ஒருவரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. அப்போது அணை மேல் வடக்கிலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்தது. பனையடிக்காரர்கள், ஐம்பது பேர் இருக்கும். நன்றி சொல்ல வருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன், ஐகோர்ட்டை டீ வாங்கி வரவும் அனுப்பிவிட்டேன்.

முன்னால் வந்தவர், கட்டை குட்டையான ஆள், சுமைத் துண்டைத் தோளில் போட்டிருந்தார். பெயர் பிச்சைமணி என்றார். வடிவைப் பார்த்துக் கும்பிட்டார், ஆனால் சிரிக்கவில்லை.

“நீங்க எங்களைக் காப்பாத்துனிய. அது பெருசுதான். ஆனா ஒண்ணு கேக்கணும். நேத்து இங்க கை தூக்கி எண்ணுனியளாமே? நாங்க இருக்கதா போறதான்னு?”

“ஆமா.”

“நூத்தித் தொண்ணூறு பேரு, நாங்க போனாப் போவட்டும்னு தூக்கியிருக்காவ. மிச்சப் பேரும் தூக்கியிருந்தா? எங்களை யாரு கேட்டா?”

வடிவின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று மாதமாக மறுபடி வாரிச் சேர்த்த உப்பை முந்தின நாள் கடலுக்குக் கொடுத்தவள் அவள். அவள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அவள் படி இறங்கிப் போனாள். கீழே தேங்கிய தண்ணீரில் முழங்கால் வரை நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பனையடிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி ஏறி வந்தபோது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“கேக்கல,” என்றாள். “தப்புதான். உள்ள வாங்க.”

அறையில் ஒரே ஒரு பெஞ்சுதான். ஏற்கெனவே அதில் இரண்டு பேர் இருந்தார்கள். வடிவு அவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.